பானைக்குள் போன கை

இப்போது எங்கள் ஊருக்கு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. காஞ்சிபுரத்தில் பட்டு எடுத்துக்கொண்டு, வந்ததுதான் வந்தோம், உத்திரமேரூரையும் பார்த்துவிடலாம் என்று வண்டியை விடுகிறார்கள். வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டு மண்டபத்தின் சுவரோடு ஒட்டி நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். "ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே இங்க எலெக்‌ஷன் நடந்திருக்கு தெரியுமா?" என்று பிள்ளைகளை மிரட்டுகிறார்கள். சுந்தரவரதர் கோயிலில் மாடி ஏறி ஒவ்வொரு பெருமாளாகச் சேவித்துவிட்டு, ஏரிக்கரையில் கொஞ்சம் காற்று வாங்கிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். வரட்டும், பார்க்கட்டும். கல்லில் எழுதியிருப்பது பொய்யில்லை.

ஆனால் என் வயதுக்காரர்களே, உங்களைத்தான் கேட்கிறேன். கல்யாண வீட்டில் பார்த்தால் மணிக்கணக்காகப் பேசுகிறோம். சர்க்கரை எவ்வளவு, மருமகள் எப்படி, நிலம் எந்த விலைக்குப் போனது, எல்லாம் வருகிறது. அந்த ஒரு கோடையைப் பற்றி மட்டும் ஒருத்தரும் வாய் திறப்பதில்லை. யாராவது தெரியாத்தனமாக ஆரம்பித்தால்கூட "பாயசம் ஆறிப் போவுது, சாப்புடு" என்று பேச்சை மாற்றுகிறீர்கள். நீங்கள் சொல்ல மாட்டீர்கள். சரி, நானே சொல்லித் தொலைக்கிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். தம்பிக்கு ஐந்து. நைனா பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் டீக்கடை வைத்திருந்தார். மண்டபம் அங்கிருந்து கூப்பிடு தூரம். கடையில் அம்மா வடை சுடுவாள். கம்பி வளையத்தில் டம்ளர்களைச் செருகிக்கொண்டு நான் அக்கம்பக்கத்துக் கடைகளுக்கு டீ கொண்டுபோவேன். தம்பி சும்மா இருக்க மாட்டான். கடைக்குள் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒவ்வொரு டம்ளராக, இரண்டு கையாலும் பிடித்து, நாக்கைத் துருத்திக்கொண்டு எடுத்துப் போய்க் கொடுப்பான். ஒரு சொட்டு சிந்தினால் அவனே "அய்யய்யோ" என்பான். அதைப் பார்க்கவே ஆட்கள் இன்னொரு டீ சொல்வார்கள்.

அந்த வருஷம் ஐப்பசியும் ஏமாற்றிவிட்டது, கார்த்திகையும் ஏமாற்றிவிட்டது. எங்கள் ஏரியை நீங்கள் பார்த்திருப்பீர்கள், நிறைந்தால் அக்கரை தெரியாது. அந்தப் பங்குனியில் ஏரிக்குள் மாட்டு வண்டி போய்க்கொண்டிருந்தது. மதகை ஒட்டிக் குளம் போல் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நின்றது, அவ்வளவுதான். கரைக்குக் கீழே நெல் பால் பிடிக்கிற நேரம். ஊரில் எல்லார் கண்ணும் அந்தத் தண்ணீர் மேல்தான் இருந்தது.

அந்த நேரம் பார்த்து மேலே இருந்து பெரிய அதிகாரி ஒருவர் கல்வெட்டைப் பார்க்க வருகிறார் என்று தகவல் வந்தது. ஊர் தலைகீழானது. மண்டபத்தைச் சுற்றி முள் வெட்டினார்கள். ஏரிக்கரைக் கற்களுக்கெல்லாம் வெள்ளை அடித்தார்கள். வழக்கமாகக் கோடை வந்தால் ஏரிச் சங்கத்து ஆட்கள் மதகுக்குள் இறங்கிச் சேறு வாருவார்கள். அந்த வருஷம் அந்த ஆட்கள் கையில் சுண்ணாம்பு மட்டை இருந்தது. ஏரிச் சங்கத் தலைவர் கரை மேல் நின்றுகொண்டு "இன்னும் பளிச்சுனு அடிங்கடா" என்று கத்தியது என் காதில் இன்னும் இருக்கிறது.

பெரிய வாத்தியார் குடவோலை நாடகம் போட்டார். பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியரைத்தான் ஊரில் அப்படிச் சொல்வோம். சோழர் காலத்தில் சபைக்கு ஆள் எடுக்க, தகுதி உள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதிப் பானைக்குள் போட்டுக் குலுக்குவார்கள். கணக்குக் காட்டாதவன், திருடினவன், அவனுடைய சொந்தக்காரன் யார் பெயரும் அதற்குள் வரக்கூடாது. அதெல்லாம் சரியாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஓலையை எடுக்க மட்டும், உள்ளே யார் பெயர் இருக்கிறது என்றே தெரியாத ஒரு சின்னப் பிள்ளையை விட வேண்டும். விவரம் தெரியாத கை என்றால் ஓரவஞ்சனை இருக்காது பாருங்கள். அந்தப் பிள்ளையாகத் தம்பியைப் பிடித்தார்கள். தலைக்கு எண்ணெய் வைத்துக் குடுமி போலச் சவுரி கட்டி, மேடையில் ஏற்றினார்கள். முழங்கை வரைக்கும் பானைக்குள் விட்டு ஓலையை எடுத்து அதிகாரியிடமே கொடுத்தான். அவர் தம்பியைத் தூக்கி முத்தம் கொடுத்தார். அம்மா அன்றைக்கு அவனுக்குச் சுற்றிப் போட்ட மிளகாய் நெடியில் தெருவே இருமியது.

அதிகாரி போனதும் தண்ணீர்ச் சண்டை ஆரம்பித்தது. தேங்கிய தண்ணீர் எல்லார் நிலத்துக்கும் பத்தாது. முதலில் பாய்ச்சுகிறவனுக்குக் கதிர் கிடைக்கும், கடைசி ஆளுக்கு வைக்கோல்கூடக் கிடைக்காது. ஒருத்தர் மேல் ஒருத்தர் மண்வெட்டியை ஓங்கினார்கள். எங்கள் கடை பெஞ்சில் வைத்துத்தான் ஏரித் தலைவர் அந்த யோசனையைச் சொன்னார்.

"உலகத்துக்கே சொல்லிக் குடுத்த ஊர்யா இது. நாமளே அடிச்சிக்கினா நல்லாவா கீது? பானைய வைங்க. அந்தப் புள்ளையே எடுக்கட்டும். யாரும் யார் மேலயும் பழி சொல்ல முடியாது."

எல்லாருக்கும் அது பிடித்துவிட்டது. நைனாவுக்குப் பெருமை தாங்கவில்லை. கல்லாவை அப்படியே விட்டுவிட்டுத் தம்பியைத் தோளில் வைத்துக்கொண்டு போனார்.

முதல் ஓலை மாமா பெயருக்கு வந்தது. அம்மாவுடன் கூடப் பிறந்தவர் இல்லை, நைனாவின் சிநேகிதர், ஆனால் எங்களுக்கு அவர்தான் மாமா. கடை பெஞ்சில் உட்கார்ந்தால் பன்னை டீயில் தோய்த்து முதல் வாய் தம்பிக்கு ஊட்டிவிட்டுத்தான் அவர் சாப்பிடுவார். அன்று தம்பியைத் தூக்கித் தலைக்கு மேல் சுற்றினார். "மருமவனே, என் வயித்துல பால வாத்தேடா! அறுப்பு முடியட்டும், உனுக்குச் சைக்கிளு வாங்கித் தரேன்."

மறுநாள் காலையில் மாமா மதகுக்குள் இறங்கினார். தண்ணீர் அடிமட்டத்தில் இருந்ததால் தானாக வெளியே வராது. உள்ளே மண்டிக் கிடந்த சேற்றை வாரினால்தான் வழி கிடைக்கும். ஒருத்தர் குனிந்து போகிற அளவுக்குக் கல் சுரங்கம் அது. மேலே நின்றவர்களுக்கு முதலில் கூடை கூடையாகச் சேறு வந்தது. அப்புறம் கூடை வரவில்லை. கூப்பிட்டால் பதிலும் வரவில்லை. உள்ளே பக்கச் சேறு மொத்தமாகச் சரிந்து அவர் மேல் உட்கார்ந்துவிட்டது.

நாங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடினோம். காலில் கயிறு கட்டி இழுத்து வெளியே எடுத்தார்கள். வாயெல்லாம், மூக்கெல்லாம் கறுப்புச் சேறு. மதகுக் கல் மேல் அவர் கழற்றி வைத்த சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. அதை எடுக்க யாருக்கும் கை வரவில்லை.

இரண்டாவது ஓலை வந்திருந்தவர் ஆயில் இன்ஜினைக் கொண்டுவந்து தண்ணீரை இறைத்துக்கொள்கிறேன் என்றார். இன்ஜினை ஏற்றிய வண்டி கரைச் சரிவில் இறங்கும்போது மாடு சறுக்கிக் காலை உடைத்துக்கொண்டது. பாரம் ஏற்றிய வண்டியை அந்தச் சரிவில் இறக்கினால் எந்த மாடும் சறுக்கும். ஆனால் அன்று சாயங்காலமே எங்கள் கடை பெஞ்சில் பேச்சு மாறிவிட்டது.

"மொதல்ல மனுசன், அப்பால மாடு. அந்தக் கை எடுத்த ஓலைக்கெல்லாம் இன்னாவோ ஆவுது."

சொன்னது யார் தெரியுமா? ஏரித் தலைவர்தான். அன்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது. மதகில் ஏன் சேறு வாரவில்லை என்று கேட்க வேண்டிய வாயெல்லாம் தம்பியின் கையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டது. அவருக்கு அதுதானே வேண்டும். பாவி.

மூன்றாவது ஓலைக்காரர் "எனக்குத் தண்ணியே வாணாம்யா, ஆள வுடுங்க" என்றார். நாலாவது ஆளும், அடுத்து இருந்தவர்களும் அப்படியே. மறுபடி குலுக்கலாம் என்றால் எடுக்க வேறு சின்னப் பிள்ளை வேண்டும். எந்த அம்மா விடுவாள்? "என் புள்ள கையும் அதும்மாரி ஆவட்டும்னு பாக்கறியா?" என்று துடைப்பத்தை எடுத்தார்கள். குலுக்காமலே தண்ணீர் பாய்ச்சலாம் என்றால், எவன் முதலில் மடையை வெட்டுகிறானோ அவன் தலையை வெட்டுவேன் என்று நான்கு பேர் நின்றார்கள். ஆக, தண்ணீர் அங்கேயே நின்றது. கண்ணெதிரே தண்ணீர், கண்ணெதிரே நெல் காய்கிறது. கரை மேல் ஆண்பிள்ளைகள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்படி ஒரு கூத்து வேறு எந்த ஊரிலாவது நடந்திருக்குமா?

சித்திரை வெயில் அந்தத் தண்ணீரை நாளுக்கு நாள் குடித்தது. கெண்டையும் விராலும் சேற்றில் துள்ளின. அப்புறம் துள்ளல் நின்றது. செத்த மீன் நாற்றம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தது. டீ குடித்தால் டீயில் அந்த நாற்றம், தலை வாரினால் சீப்பில் அந்த நாற்றம். இன்றைக்கும் மீன் கழுவிய தண்ணீர் எங்கேயாவது தேங்கி நின்றால் நான் சுற்றிக்கொண்டுதான் போவேன்.

தம்பி டம்ளரை நீட்டினால் ஆட்கள் வாங்குவதை நிறுத்தினார்கள். "வச்சிடு கண்ணு, வச்சிடு" என்பார்கள், அப்புறம் தொட மாட்டார்கள். டீ ஆடை கட்டிக் கிடக்கும். தம்பி என்னிடம் வந்து "சக்கர பத்தலயாக்கா?" என்று கேட்டான். நான் ஆமாம் என்றேன். மறுநாள் அவனே ஒவ்வொரு டம்ளரிலும் இன்னொரு கரண்டி சர்க்கரை போட்டுக்கொண்டு நின்றான். நைனா பார்த்துவிட்டுப் பின்பக்கம் போய்விட்டார்.

எதிர்க்கடை மளிகைக்கடை பாய் மட்டும் மாறவில்லை. தம்பி காசு கொண்டுபோனால் அவன் கையிலிருந்தே வாங்கி, அந்தக் கையிலேயே பொட்டுக்கடலை கொட்டுவார். நைனாவிடம் ஒருநாள் சத்தமாகவே சொன்னார். "இன்னா பேஜார்யா இது? பச்சப் புள்ள கை இன்னாய்யா பண்ணும்? பானைய வெச்சது நீங்க, எடுக்கச் சொன்னது நீங்க. அவன் இன்னா பண்ணான்?" கடையில் இருந்த நாலு பேரும் டம்ளருக்குள் பார்த்தார்கள்.

நெல் சுத்தமாகச் சருகான பிறகு மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். தண்ணீரைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை, தம்பியைப் பற்றித்தான் கூட்டம். ஆண்கள் கல் தரையில் உட்கார்ந்தார்கள். நானும் அம்மாவும் மற்றப் பெண்களோடு படிக்கட்டுப் பக்கம் நின்றோம். சுவர் முழுக்க எழுத்து. நல்லவன் யார், கெட்டவன் யார், யார் சபையில் உட்காரலாம் என்றெல்லாம் வெட்டி வைத்த அதே சுவர்.

மாமாவின் அண்ணன் எழுந்து, "அந்தக் கைல ஒரு சூடு வெச்சிட்டா தோஷம் பூடும். சின்ன வயசு, ஆறிடும்" என்றார். ஏதோ கன்றுக்குட்டியைப் பற்றிச் சொல்வது போல் சாதாரணமாகச் சொன்னார்.

என் அம்மா தம்பியை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

நைனா கை கூப்பினார். "அண்ணே, அஞ்சு வயசு புள்ளண்ணே. வாணும்னா மாகறல்ல எங்க சித்தி வூட்ல கொஞ்ச நாளு வுட்டு வெக்கறேன்."

"கொஞ்ச நாளுனா? அப்பால திரும்பி வந்தா?" என்று யாரோ கேட்டார்கள். சூடு வைக்கணும் என்று பாதிப் பேர், ஊரை விட்டு அனுப்பணும் என்று பாதிப் பேர். நைனாவும் இப்போது அனுப்பச் சொல்கிற பாதியில் ஒருத்தர் ஆகிவிட்டார். பிள்ளை எங்கள் வீட்டிலேயே இருக்கட்டும் என்று சொல்ல அங்கே ஒரு ஆள் இல்லை.

ஏரித் தலைவர் தொண்டையைக் கனைத்தார். "ரெண்டையும் ஓலைல எழுதிப் பானைல போடுவோம். வந்தது வரட்டும். ஊரு வழக்கம் அதுதானே?"

பெரிய வாத்தியார் எழுதினார். நாடகத்துக்கு வாங்கிய பானையையே கொண்டுவந்து நடுவில் வைத்தார்கள்.

"யாரு எடுக்கறது?"

படிக்கட்டுப் பக்கம் நின்ற பெண்கள் ஒவ்வொருத்தியும் தன் பிள்ளையை இழுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். ஒருத்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கே போய்விட்டாள். என்னைச் சொல்லுங்களேன், நான் எடுக்கிறேனே என்று எனக்குத் தோன்றியது. பத்து வயது, விவரம் தெரிந்த கழுதை, என்னை எப்படி விடுவார்கள்?

"அவனையே எடுக்கச் சொல்லுங்க" என்றார் தலைவர்.

நைனா தம்பியின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். நைனா, நீங்கள் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் இதற்காக உங்கள் மேல் எனக்கு இருக்கிற கோபம் இன்னும் தீரவில்லை.

தம்பி பானை முன்னால் நின்றான். உள்ளே எட்டிப் பார்த்தான். பிறகு பெரிய வாத்தியாரைப் பார்த்தான்.

"சார், உள்ள யாரு பேரு கீது?"

வாத்தியார் பானையைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தார். "பேரு ஒண்ணும் இல்லப்பா. சும்மா எடு."

தம்பி சுற்றிலும் பார்த்தான். அத்தனை பேரும் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"உள்ள நான்தான் கீறேன். நான் எடுக்க மாட்டேன்."

ஐந்து வயதுப் பிள்ளை அழாமல் சொன்னது. சொல்லிவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தான். பெரிய வாத்தியாருக்கு அப்போதுதான் உயிர் வந்தது. "இவனுக்குத் தெரிஞ்சி போச்சிங்க. தெரிஞ்ச கை எடுக்கக் கூடாது. கல்லுல அப்படித்தான் கீது" என்று சுவரைக் காட்டினார். தலைவர் விடவில்லை. "அப்ப பெரியவங்கள்ல யாராவது எடுங்க" என்றார். ஒரு கையும் நீளவில்லை. அந்தத் தலைவர் கையும் நீளவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒருத்தர் மாட்டைக் கட்டணும் என்று எழுந்தார். இன்னொருத்தர் விளக்கு வைக்கிற நேரம் என்றார். கூட்டம் அப்படியே கரைந்துபோனது. அம்மா தம்பியை வாரி எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். வீட்டில் அவன் உச்சந்தலையை முகர்ந்து முகர்ந்து அழுதாள். ஜெயித்துவிட்டோம் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

மறுநாள் காலையில் கடைக்கு மாமாவின் பெண்சாதி வந்தாள். மாமா போன பிறகு அத்தை வீட்டு வாசலைத் தாண்டியதே இல்லை. வெறும் நெற்றியோடு ஆண்பிள்ளைகள் உட்கார்ந்திருந்த பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். இருந்தவர்கள் எழுந்துகொண்டார்கள்.

"எல்லாரும் நல்லாப் பாருங்க" என்றாள் அத்தை. "தாலி அறுத்தவ நானு. என் புருசன சேறு கொன்னுச்சி. சேத்த வாராதவன் கொன்னான். இந்தப் புள்ள கொல்லல." அப்புறம் நைனாவிடம் திரும்பினாள். "அண்ணா, ஒரு டீ போடு. அவன் கையால குடுக்கச் சொல்லு. அந்தக் கையால வாங்கி நான் குடிக்கறேன்."

நைனாவுக்குக் கண்ணீர் நிற்கவில்லை. டீயை ஆற்றித் தம்பி முன்னால் வைத்தார். "குட்றா கண்ணு. அத்தைக்குக் குடு."

தம்பி டம்ளரைப் பார்த்தான், அத்தையைப் பார்த்தான். இரண்டு கையையும் சட்டைக்குள் இழுத்துக்கொண்டான். வெறும் சட்டைக் கைகள் தொங்கின.

"வாணாம்த்தே" என்றான். "நீயும் செத்துப் பூடுவே."

அத்தை வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். அம்மா எவ்வளவோ கெஞ்சினாள். பாய் எதிர்க்கடையிலிருந்து ஓடிவந்து பொட்டுக்கடலையை நீட்டினார். தம்பி கையை வெளியே எடுக்கவே இல்லை.

மழை வந்தது, ஏரி நிறைந்தது, ஊர் எல்லாவற்றையும் மறந்தது. தம்பிக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது. போன மாசம் என் பேரனுக்குப் பெயர் வைத்தோம். குழந்தையை எடுத்துப் போய் "தாத்தா ஆயிட்டே, மடில வெச்சிக்கோடா" என்று அவனிடம் நீட்டினேன். "நீயே வெச்சிக்கோக்கா, எனுக்குக் கை வலிக்குது" என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டான். என் பிள்ளைகள் பிறந்தபோதும் அவனுக்குக் கை வலித்தது. நான் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.